நியூயார்க் மாஃபியா கதைல எங்க வடசென்னையை ஏன் இழுக்குறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல நியூயார்க் மாஃபியா பத்தி ரெண்டு பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் படிச்சேன். மாஃபியா தலைவர் லக்கி லூசியானோ படம், சலூன் நாற்காலில உக்காந்திருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட ஆல்பர்ட் அனஸ்டேசியா கதை, விலை உசந்த கோட்டு சூட்டுல ஜான் காட்டிங்கிற தலைவர்னு விறுவிறுன்னு போச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா கடைசி பத்தில "நம்ம வடசென்னை மாதிரியே" அப்படின்னு ஒரு வரியைப் போட்டு முடிச்சிருந்தீங்களே, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நான் பழைய வண்ணாரப்பேட்டைல பொறந்து வளந்தவ. அப்பா ஹார்பர்ல பதிவு பெற்ற தொழிலாளி, அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து அன்னக்கூடைல வச்சு தெருத்தெருவா வித்தவங்க, நான் லிங்கிச் செட்டித் தெருவுல, ஹார்பர் சரக்கை வெளிய எடுத்துக் குடுக்குற ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஹார்பரும் மீன் மார்க்கெட்டும் லாரியும்தான் எங்க வீட்டுக்கு சோறு போட்டது. அதனால நியூயார்க்கோட எங்களை ஒப்பிடக் கூடாதுன்னு நான் சொல்ல வரல, தாராளமா ஒப்பிடலாம், ஆனா நீங்க ஒப்பிட்டது தப்பான இடத்துல. அந்த ஊர் மாஃபியா எதை வச்சு எழுபது எண்பது வருஷம் தாக்குப்பிடிச்சுதுன்னு பாத்தா துப்பாக்கி எல்லாம் ரெண்டாவது, கப்பல்ல இருந்து மூட்டை இறக்குற வேலையை யாருக்குக் குடுக்குறது, மீன் லாரியை எங்க நிறுத்துறது, குப்பையை யார் அள்றது, கட்டடத்துக்கு சிமென்ட் கலவை யார் ஊத்துறது, இந்த விஷயங்கள்ல கையை வச்சதுதான் முதலாவது. உங்க கட்டுரைல இதுக்கு ஒரு வரி கூட இல்ல.

மதுவிலக்கு பத்தி நீங்க எழுதினது சரிதான். 1920 ஜனவரில இருந்து 1933 டிசம்பர் வரைக்கும் அமெரிக்கா பூரா சாராயத்துக்குத் தடை, அந்தப் பணத்துலதான் தெருமுனைல சில்லறை அடாவடி பண்ணிட்டு இருந்த கும்பலுங்க கம்பெனி மாதிரி ஆனாங்க. 1931 ஏப்ரல்ல ஜோ மசேரியாங்கிற தலைவரைப் போட்டுத்தள்ளின பிறகு சால்வத்தோர் மரன்சானோங்கிற இன்னொரு தலைவர் ஊரை அஞ்சு கும்பலா பங்கு பிரிச்சாரு, அதைத்தான் அஞ்சு குடும்பம்பாங்க, செப்டம்பர்ல அவரையும் போட்டுத்தள்ளின பிறகு லூசியானோ ஆளுங்க மேல தலைவருங்க சேந்த ஒரு குழுவை வச்சாங்க, அதுக்குப் பேரு கமிஷன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. 1933ல சாராயக்கடை திரும்பத் திறந்துட்டாங்களே, அப்புறம் இவங்க ஏன் காணாம போகல? ஏன்னா அதுக்குள்ள யூனியன்லயும் மார்க்கெட்லயும் உள்ள பூந்துட்டாங்க. சாராயம் போனாலும் தினப்படி வசூல் நிக்கல.

ஹார்பரை எடுத்துக்கங்க. 1940கள்ல நியூயார்க் கப்பல் துறைல வேலைக்கு ஆள் எடுத்த விதம் தெரிஞ்சாத்தான் மீதி எல்லாம் விளங்கும். காலைல எட்டு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை, மதியம் ஒரு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி இன்னொரு தடவை, கப்பல் வந்து நிக்கிற மேடை, அதை பியர்னு சொல்லுவாங்க, அது வாசல்ல ஆம்பளைங்க அரைவட்டமா வந்து நிக்கணும். நடுவுல ஹயரிங் பாஸ், நம்ம ஊர்ல மேஸ்திரின்னு சொல்லுவோமே அந்த ஆள், நீ வா, நீ வா, நீ போன்னு கை காட்டுவாரு. வேலை எவ்வளவோ அதைவிட ஆள் எப்பவும் ஜாஸ்தியா நிக்கும், அப்படி நிக்கிற மாதிரிதான் வச்சிருந்தாங்க. கூலில பங்கு தர்றேன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டவன் காது மேல ஒரு பல்குத்துற குச்சியை சொருகிக்கிட்டு நிப்பான், அதுதான் அடையாளம், மேஸ்திரி கண்ணு முதல்ல அந்தக் காதுங்க மேலதான் போகும். கைல காசு இல்லையா, பியர்லயே வட்டிக்குக் குடுக்கிறவன் இருப்பான், அவன்கிட்ட கடன் வாங்கினவனுக்குத்தான் வேலை சுலபமா கிடைக்கும், ஏன்னா வேலை குடுத்தாத்தானே வட்டி திரும்ப வரும். மீட்டர் வட்டி கட்டின எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

இன்னொரு வசூல் லாரிக்காரங்ககிட்ட. கப்பல்ல இருந்து இறக்கி பியர் தரைல வச்சிருக்கிற சரக்கை லாரில ஏத்தணும்னா அங்க இருக்கிற லோடர் கும்பலுக்குக் காசு கட்டணும், உங்ககூட நாலு ஆள் வந்திருந்தாலும் சரி, எனக்கு உங்க ஆள் வேணாம்னாலும் சரி, காசைக் கட்டினாத்தான் வண்டி நகரும். இது நியூயார்க்ல மட்டும் ஏன் இவ்வளவு ஆழமா வேர் விட்டுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொன்ன காரணம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. மன்ஹாட்டன்ல பியருக்குப் போற தெருவெல்லாம் குறுகல், ரயில் பாதை நேரா பியர் வரைக்கும் வராது, எல்லாமே லாரிதான், லாரிங்க மணிக்கணக்கா வரிசைல நிக்கணும். நிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு நஷ்டம். அதனால வரிசையைத் தாண்டி முன்னால விடுறவனுக்கு என்ன கேட்டாலும் குடுத்துட்டுப் போவாங்க. வாழைப்பழமும் இறைச்சியும் அழுகிப்போற சரக்கு வேற, கப்பல் ஒரு நாள் சும்மா நின்னாலும் பெரிய செலவு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கிறதைப் பாத்தவங்களுக்கு, அந்த டிரைவருங்க வண்டிக்கு அடியில பாயை விரிச்சுப் படுத்து, அங்கயே ஸ்டவ்வை மூட்டி சோறாக்கி சாப்பிடுறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும். எங்க ஆபீஸ்ல டிரைவர் செலவுக் கணக்கு குடுக்கும்போது டீசல் பில் இருக்கும், டோல் ரசீது இருக்கும், "வழிச்செலவு"ன்னு ஒரு தொகை இருக்கும், அதுக்கு மட்டும் எந்தக் காகிதமும் இருக்காது. யாரு வாங்கினான்னு யாரும் கேக்க மாட்டாங்க, நாங்களும் எழுதிக்குவோம்.

இப்ப உங்க கட்டுரை விட்ட ஒரு ஆளைப் பத்தி சொல்லணும். பீட் பான்டோ. புரூக்ளின் ரெட் ஹுக் பக்கம் மூட்டை தூக்கின இத்தாலிக்காரப் பையன், முப்பது வயசு கூட ஆகல. கூலில பங்கு குடுக்காதீங்க, யூனியன் தேர்தலை ஒழுங்கா நடத்துங்கன்னு 1939ல கூட்டம் போட ஆரம்பிச்சாரு, ஆயிரத்துக்கு மேல ஆளுங்க வந்தாங்க. ஜூலை 14ஆம் தேதி ராத்திரி வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரல. புரூக்ளின் சுவத்துல எல்லாம் "பான்டோ எங்கே"ன்னு இத்தாலியன்லயும் இங்கிலீஷ்லயும் கிறுக்கி வச்சாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு 1941 ஜனவரில நியூஜெர்சில லிண்ட்ஹர்ஸ்ட்ங்கிற ஊர்ல சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிருந்த உடம்பைத் தோண்டி எடுத்தாங்க. நீங்க அரைப்பக்கத்துக்குப் படம் போட்டிருந்த ஆல்பர்ட் அனஸ்டேசியா மேலதான் எல்லாருக்கும் சந்தேகம், அந்த ஆள் மேல இந்த வழக்கு கடைசி வரைக்கும் வரவே இல்ல. அவரோட தம்பி டோனி அதே புரூக்ளின் பியர் யூனியன்ல தலைவரா உக்காந்து 1963ல சாகுற வரைக்கும் இருந்தாரு. சலூன் நாற்காலில செத்தவருக்கு அரைப்பக்கம், சுண்ணாம்புக் குழில கிடந்தவருக்கு ஒரு வரி கூட இல்ல, இது என்ன நியாயம் ஐயா?

மீன் மார்க்கெட்டுக்கு வர்றேன், இது எனக்கு ரொம்ப நெருக்கம். புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்துல ஃபுல்டன் மீன் மார்க்கெட், 1822ல ஆரம்பிச்சது. காசிமேடு மாதிரியே நடுராத்திரிக்கு மேலதான் அங்கயும் வேலை சூடு பிடிக்கும், விடிஞ்சு வெயில் வந்தா முடிஞ்சுது. 1920கள்ல இருந்து அங்க ராஜா சாக்ஸ் லான்சாங்கிற ஜோசப் லான்சா, கடல் உணவுத் தொழிலாளர் யூனியன் லோக்கல் 359 அவரு கைல. மீன் படகு வந்து நிக்கணும்னா அவருக்கு ஒரு பங்கு, கடைக்காரன் பிரச்சனை இல்லாம யாவாரம் பண்ணணும்னா ஒரு பங்கு. மீன் வண்டி வந்தா எந்த இறக்கு கம்பெனி இறக்கும், எத்தனையாவதா இறக்கும்னு வண்டிக்காரன் முடிவு பண்ண முடியாது. மீன் வாங்க வந்த ஹோட்டல்காரன் வேனை ரோட்டுல நிறுத்தவும் ஒருத்தனுக்குக் காசு, அது கவர்மென்ட் ரோடு, ஆனா காசு கும்பலுக்கு. குடுக்கலன்னா மீன் திருட்டுப் போகும், டயர் கிழியும், இல்ல உங்க வண்டி கடைசில நிக்கும், மீன் வெயில்ல கிடக்கும். மீனுக்கு நேரம்தான் விலைன்னு காசிமேட்டுல பொறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும், ஏலத்துல ஆறு மணிக்கு வஞ்சிரம் என்ன விலைக்குப் போச்சு, வெயில் ஏறி கண்ணு மங்கின பிறகு அதே மீன் என்ன விலைக்குப் போகும்னு எங்கம்மா எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததே அப்படித்தான். அந்தப் பயத்தை வச்சுத்தான் அங்க வசூல் பண்ணினாங்க.

கவர்மென்ட் என்ன பண்ணிச்சுன்னு கேக்குறீங்களா, ஒரு காலத்துல இவங்ககிட்டயே போய் உதவி கேட்டுச்சு. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி நார்மண்டிங்கிற பெரிய பிரெஞ்சுக் கப்பல், ராணுவத்துக்காக மாத்திக்கிட்டு இருந்தப்போ மன்ஹாட்டன் பியர்லயே தீப்பிடிச்சு சாஞ்சு போச்சு. வெல்டிங் பொறில பிடிச்ச தீதான், ஆனா அந்த நேரம் எதிரி நாட்டு ஆளுங்க வேலையோன்னு ஒரே பீதி. கடற்படை உளவுத்துறை நேரா லான்சாவைப் போய்ப் பாத்துச்சு, மீன் படகுக்காரங்க கடல்ல நீர்மூழ்கி எதாவது பாத்தா சொல்லணும்னு. அது பத்தலன்னு மேயர் லான்ஸ்கிங்கிற மாஃபியா கூட்டாளி (மேயர்ங்கிறது பேரு, பதவி இல்ல) மூலமா ஜெயில்ல இருந்த லூசியானோவையே பிடிச்சாங்க. லூசியானோவுக்கு 1936ல 30ல இருந்து 50 வருஷம் தண்டனை வாங்கிக் குடுத்த வக்கீல் தாமஸ் டூயி, பின்னாடி கவர்னரா ஆகி, 1946ல அதே ஆளோட தண்டனையைக் குறைச்சு இத்தாலிக்கு அனுப்பி வச்சாரு. இவங்களைத் தட்டிக் கேக்கவே ஆளில்லாம இருந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தேவைப்பட்டப்போ கவர்மென்ட்டுக்கு அவங்க வீட்டு வாசல் நல்லாவே தெரிஞ்சிருக்கு.

நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணமே அடுத்து சொல்லப்போறதுதான், ஏன்னா அது உங்க தொழில் சம்பந்தப்பட்டது. 1948ல மன்ஹாட்டன் மேற்குப் பக்க பியர்ல ஒரு ஹயரிங் பாஸைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த ஊர்ல நியூயார்க் சன்னுன்னு ஒரு பேப்பர், அதுல மால்கம் ஜான்சன்னு ஒரு நிருபர். அவரு அந்தக் கொலையை மறுநாள் செய்தியா எழுதிட்டு விட்டுடல, ஏன் கொன்னாங்க, இந்த பியர்ல என்ன பணம் ஓடுதுன்னு நோண்ட ஆரம்பிச்சாரு. ஜான் காரிடன்னு ஒரு ஜெசூட் பாதிரியார், தொழிலாளிங்களுக்கு வகுப்பு எடுத்துட்டு இருந்தவர், வருஷக்கணக்கா சேத்து வச்சிருந்த தகவலைக் குடுத்தாரு. அந்த நவம்பர்ல ஆரம்பிச்சு 24 கட்டுரை வந்துச்சு. அரைவட்டத்துல நிக்கிறது, லோடிங் வசூல், வட்டி, சரக்குத் திருட்டு, யூனியன் தலைவருங்க, கப்பல் கம்பெனிங்க எப்படி இதுக்கெல்லாம் உடந்தைன்னு எல்லாம் வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்குற புலிட்சர் பரிசு. அதைவிட முக்கியம், ஊர் இதைப் பத்தியே பேச ஆரம்பிச்சதால விசாரணை வந்துச்சு, 1953ல நியூயார்க்கும் நியூஜெர்சியும் சேந்து துறைமுகத்தைக் கண்காணிக்க வாட்டர்ஃபிரன்ட் கமிஷன்னு ஒரு அரசு அமைப்பை அமைச்சாங்க. அரைவட்டத்துல நிக்க வச்சு ஆள் எடுக்குறதை ஒழிச்சாங்க, பதிவு பண்ணின தொழிலாளிக்கு ஹால்ல வேலை, லாரிக்காரன்கிட்ட லோடர் கும்பல் வாங்கின வசூலுக்குத் தடை, பெரிய குற்றத்துல தண்டனை வாங்கினவன் யூனியன் பதவில உக்கார முடியாதுன்னு சட்டம். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு அந்தக் கப்பல் துறைத் தொழிலாளர் யூனியனையே அதே வருஷம் வெளிய தள்ளிச்சு, ஆயுள் முழுக்க தலைவர்னு இருந்த ஜோசப் ரயன் பதவியை விட்டுப் போனாரு.

இதோட எல்லாம் சரியாகிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மாஃபியா அதுக்கப்புறமும் பல வருஷம் பியர்ல இருந்துச்சு. 1956ல நெவார்க்ல இருந்து 58 பெட்டியோட முதல் கன்டெய்னர் கப்பல் கிளம்பின பிறகு மூட்டை தூக்குற வேலையே கொஞ்சம் கொஞ்சமா போச்சு, அதுல நல்லவன் கெட்டவன் பாக்காம எல்லாத் தொழிலாளி வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சுது. அந்தக் கமிஷன்குள்ளயே முறைகேடு நடக்குதுன்னு 2009ல நியூயார்க் மாநில இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கை குடுத்தாங்க. 2023ல நியூஜெர்சி விலகிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும் எழுபது வருஷத்து அமைப்பு கலைஞ்சு போச்சு. ஆனாலும் ஒரு பேப்பர்ல வந்த கட்டுரைல ஆரம்பிச்சு தொழிலாளி தினம் வாசல்ல கை கட்டி நிக்கிற முறை போச்சுங்கிறது சின்ன விஷயமா?

எங்க அப்பா கதையும் இதுதான், அதனாலதான் இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. தாத்தா காலத்துல ஹார்பர் வாசல்ல மேஸ்திரி யாரைக் கூப்பிடுறானோ அவனுக்குத்தான் கூலி, மேஸ்திரிக்கு வெத்தலை பாக்குல இருந்து எல்லாம் வாங்கிக் குடுக்கணும்னு பாட்டி சொல்லுவாங்க. இந்தியாவுல 1948லயே கப்பல் துறைத் தொழிலாளர் வேலையை முறைப்படுத்துற சட்டம் வந்துச்சு, நியூயார்க்குக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. அதன்படி டாக் லேபர் போர்டு, பதிவு, முறை வச்சு வேலை, வேலை இல்லாத நாளுக்கும் வந்து நின்னா ஹாஜர் படி. எங்கப்பாவோட நம்பர் போட்ட அட்டை ஓரமெல்லாம் கிழிஞ்சு பிளாஸ்டிக் கவர் மஞ்சளாகி இன்னும் எங்க பீரோல இருக்கு, அம்மா அதை நகைப்பொட்டிக்குள்ள வச்சிருக்காங்க. அந்த அட்டை இருந்ததால அப்பா எந்த மேஸ்திரிக்கும் பங்கு குடுக்கல, எந்த ரவுடிக்கும் சலாம் போடல, எங்களைப் படிக்க வச்சாரு. இந்தியாவுலயே முதல் முறையான தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918ல பெரம்பூர் மில்லுத் தொழிலாளிங்களை வச்சு வந்துச்சு, 1923ல சிங்காரவேலர் இதே மெட்ராஸ் கடற்கரைல மே தினக் கூட்டம் போட்டாரு. வடசென்னைன்னா இதுவும்தானே? இதை எழுத உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூட வரலையா?

அதே மாதிரி நியூயார்க்ல இத்தாலிக்காரன்னாலே மாஃபியான்னு பல தலைமுறை பேசினாங்க. ஆனா நாளெல்லாம் பணம் பறிகொடுத்தது யாரு, முதல்ல அந்த இத்தாலிக்காரத் தெருவுல இருந்த பழக்கடைக்காரனும் கூலிக்காரனும்தான். எதுத்து நின்னதும் அவங்கதான். மிரட்டல் கடுதாசி கும்பலைப் பிடிக்கிறதுக்குன்னே பாடுபட்ட ஜோசப் பெட்ரோசினோங்கிற நியூயார்க் போலீஸ் அதிகாரி இத்தாலில பொறந்தவரு, 1909ல விசாரணைக்குப் போன இடத்துல பலெர்மோ நகரத்துல சுட்டுக் கொன்னாங்க. பான்டோ இத்தாலிக்காரர். 1935ல ஆர்டிசோக்ங்கிற காய்கறில மாஃபியா விலை ஏத்துதுன்னு விடியக்காலைல மார்க்கெட்டுக்கே போய், போலீஸ்காரங்க எக்காளம் ஊத, லாரி மேல ஏறி நின்னு அதை விக்கத் தடை போட்டு, கொஞ்ச நாள்லயே அந்தக் கும்பலை இறங்கி வர வச்ச மேயர் லா கார்டியா, அவரு அப்பாவும் இத்தாலிக்காரர்தான். எங்க பக்கத்துலயும் கத்திக்கு முதல்ல பலியாகுறது எங்க பிள்ளைங்க, மாமூல் முதல்ல போறது எங்க தள்ளுவண்டில இருந்து. அண்ணா நகர், அடையாறு அட்ரஸ் குடுத்தா வேலைக்குக் கூப்பிடுறாங்க, அதே பையன் வியாசர்பாடின்னு எழுதினா ஒரு மாதிரி பாக்குறாங்க, வாடகைக்கு வீடு கேட்டாலும் அதே பார்வை. உங்க மாதிரி பேப்பர் ஒரு வரில எழுதிட்டுப் போறது அந்தப் பையன் இன்டர்வியூல போய் உக்காருது ஐயா. அதனால அந்த வரிக்கு நீங்க வருத்தம் தெரிவிச்சு அடுத்த இணைப்புல திருத்தம் போடணும்னு உரிமையோட கேக்குறேன்.

சட்டத்தைப் பத்தியும் கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா "நம்ம ஊர்லயும் அமெரிக்கா மாதிரி கடுமையான சட்டம் வேணும்"னு கட்டுரைல எழுதியிருந்தீங்க. நம்மகிட்ட 1982ல வந்த குண்டர் சட்டம் இருக்கு, ஒரு ஆளை விசாரணை இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம், அதுல உள்ள போறவங்க பெரும்பாலும் கத்தி தூக்குற பசங்கதான். அமெரிக்கால 1970ல வந்த ரீக்கோ சட்டம் வேற ரகம். தனித்தனி குற்றத்தை எல்லாம் கோத்து, இது ஒரே அமைப்பு பண்ற தொழில்னு கோர்ட்ல சாட்சியோட நிரூபிச்சு, கத்தி தூக்கினவனுக்கு உத்தரவு போட்டவனையும் பணம் வாங்கினவனையும் சேத்து உள்ள தள்றது. 1986ல முடிஞ்ச கமிஷன் வழக்கைப் பாருங்க, அதுல மாட்டினது எதுல, கான்கிரீட்ல. மன்ஹாட்டன்ல 20 லட்சம் டாலருக்கு மேல போற கான்கிரீட் கான்ட்ராக்ட் யாருக்குன்னு குடும்பங்களே தீர்மானிச்சு 2 சதவீதம் வாங்கிட்டு இருந்தாங்க, யூனியன் அவங்க கைல, குடுக்கலன்னா கலவை வண்டி வராது, கலவை நடுவுல நின்னா கட்டடமே நாசம். தலைவருங்களுக்கு தலா 100 வருஷம் தண்டனை. அந்த 2 சதவீதத்தைக் கடைசில கட்டினது அங்க வீடு வாங்கினவனும் வாடகைக்கு இருந்தவனும்தான்.

இதே சட்டத்துல இன்னொரு கதவு இருக்கு, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. ஆளைப் பிடிக்கிறதோட நிக்காம இடத்தையே கோர்ட் கண்காணிப்புல எடுக்கலாம். 1988ல ஃபுல்டன் மீன் மார்க்கெட் வழக்குல கோர்ட் ஒரு நிர்வாகியைப் போட்டுச்சு. அது பத்தாம 1995ல மேயர் ஜூலியானி, அவரும் இத்தாலியக் குடும்பம்தான், பழைய இறக்கு கம்பெனிங்களை வெளிய அனுப்பிட்டு வேற கம்பெனியைக் கொண்டு வந்தாரு, கடைக்காரங்களுக்கும் இறக்குறவங்களுக்கும் பின்னணி விசாரிச்சு லைசென்ஸ், வண்டி நிறுத்துறதுக்கும் முறை. அப்ப வேலைநிறுத்தம் சண்டைன்னு எல்லாம் வந்துச்சு, ஆனாலும் மாத்தம் நடந்துச்சு. அடுத்த வருஷம் குப்பை அள்ற தொழிலுக்கும் அதே மாதிரி தனி கமிஷன். 2005ல மீன் மார்க்கெட்டையே பிராங்க்ஸ் பக்கம் ஹன்ட்ஸ் பாயின்ட்டுக்கு மாத்தினாங்க. 1992ல ஜான் காட்டி ஜெயிலுக்குப் போனதை எல்லாரும் படம் பிடிச்சாங்க, வண்டி நிறுத்துறதுக்கு ரசீது வந்ததை யாரும் படம் பிடிச்சிருக்க மாட்டாங்க. மீன்காரி மகளா சொல்றேன், எங்களுக்கு ரெண்டாவதுதான் பெருசு.

ஒண்ணு கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க. உங்க பேப்பர்ல எங்க ஏரியா கொலைச் செய்தி வந்தா தலைப்புல பட்டப்பேரு, எத்தனை வெட்டு, யாரு யாருக்குப் பழிக்குப் பழி, எந்த பைக்ல வந்தாங்கன்னு எல்லாம் இருக்கு. எங்க தெருப் பசங்க அந்தத் தலைப்பை போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க, செத்தவனுக்கு பேனர் அடிக்கும்போது உங்க பேப்பர் வரியையே எடுத்துப் போடுறாங்க. சண்டை எதுக்குன்னு மட்டும் செய்தில இருக்காது, "முன்விரோதம்"னு ஒரே வார்த்தைல முடிஞ்சிடும். அந்த முன்விரோதத்துக்குப் பின்னாடி ஒரு ஸ்கிராப் ஏலம் இருக்கலாம், லாரி லோடு இருக்கலாம், ஒரு இடத்தைக் காலி பண்ண வைக்கிற கட்டப்பஞ்சாயத்து இருக்கலாம், அதுக்குப் பணம் குடுத்தவர் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வேற ஏரியால குடியிருக்கலாம். அவரு ஏரியா பேரு என்னைக்காவது உங்க தலைப்புல வந்திருக்கா?

அதனால நான் கேக்குறது இதுதான். ஒரு நிருபரை, க்ரைம் பக்கம் பாக்குறவர் இல்லாம வணிகப் பக்கம் பாக்குறவரா, கணக்கு தெரிஞ்சவரா ஒருத்தரை ஒரு மாசம் இந்தப் பக்கம் விடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எண்ணூர் ரோட்டுல லாரி டிரைவருங்களோட உக்காரட்டும், நாலு மணிக்கு காசிமேட்டுல லாஞ்சு வந்து நிக்கும்போது ஐஸ், லோடு, ஏலம், பார்க்கிங், தலைச்சுமைன்னு ஒரு கூடை மீனு மேல என்னென்ன காசு ஏறுதுன்னு எழுதட்டும், எதுக்கு ரசீது இருக்கு எதுக்கு இல்லன்னு ரெண்டு பத்தியா பிரிச்சுப் போடட்டும். வட்டிக்கு வாங்கின மீன்காரிங்ககிட்ட காலைல எவ்வளவு வாங்கினாங்க சாயங்காலம் எவ்வளவு குடுத்தாங்கன்னு கேக்கட்டும். 2003ல கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் எங்க தெருவுல எத்தனை பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்குறதே தெரியும்னு விசாரிக்கட்டும். யாரும் பேச மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, பேர் போடாம எழுதுறேன்னு உறுதி குடுத்தா பேசுவாங்க, பியர்ல மால்கம் ஜான்சன்கிட்ட பேசினாங்களே. லேடி ரிப்போர்ட்டரா இருந்தா இன்னும் நல்லது, மார்க்கெட் பொம்பளைங்க மனசு விட்டுப் பேசுவாங்க. அம்மா காலத்து ஆளுங்க இன்னும் அங்க கூடை வச்சிருக்காங்க, நான் கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்துறேன், கடிதத்தோட என் போன் நம்பரைத் தனிச்சீட்டுல எழுதி வச்சிருக்கேன், அதை மட்டும் அச்சுல போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை அப்பா காலத்துல இருந்து வாங்குற வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை.